வரிசை எண் 417

என் பெயர் நாகபூஷணம்.
வாக்காளர் பட்டியலில் நான் ஆண்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் இருபாலுக்கும் உண்டு.
நகரியிலிருந்து தட்டச்சுக்கு வந்த பையன்
யோசிக்காமல் அடித்துவிட்டான்.
தொண்ணூற்றைந்தில் கண்ணில் பட்டது, சிரித்தேன்.
படிவம் எட்டை நிரப்பி
இரண்டாவது இழுப்பறையில் போட்டேன்.
பிறகு ஆறு சட்டமன்றம், எட்டு நாடாளுமன்றம்.
பட்டியலில் புகைப்படம் வந்த வருஷம்
பொட்டும் மூக்குத்தியுமாக ஓர் ஆண்,
கணவர் பெயர் தயாளமூர்த்தி.

ஊரார் வரிகளைத் திருத்தவே நேரம் போதவில்லை.
முனெம்மா, முனியம்மா, முனிஅம்மா
மூன்று பேரும் ஒருத்திதான் என்று
பள்ளிப்பட்டிலிருந்து வெயிலில் நடந்துபோய்க் கண்டுபிடித்தேன்.
வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.
எந்த முனெம்மாவை வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.
"பென்ஷன் எவரிகி வஸ்துந்தோ ஆமெனே."
பென்ஷன் வாங்குகிறவளை வைத்துக்கொண்டு
மற்ற இருவரையும் சிவப்பில் அடித்தேன்.

கெங்கி ரெட்டியின் மாட்டுக்கொட்டகைக்குள் எல்லைக் கல்.
பசு ஆந்திராவில் படுத்திருக்கும்,
வைக்கோல் தமிழ்நாட்டில்.
பத்தொன்பதில் அங்கே பதினொன்றாம் தேதி வாக்குப்பதிவு,
இங்கே பதினெட்டு.
ஏழு நாளும் பப்பாளிப் பால் தேய்த்திருக்கிறார்.
தோல் உரிந்துவிட்டது.
நகக்கண்ணில் மட்டும் ஒரு நூல் மை.
"அங்கே மகனுக்காகப் போட்டேன்.
இங்கே மாட்டுக்காக" என்றார்.
திருப்பி அனுப்பினேன்.
வாசல்வரை போய்த் திரும்பி
"மாட்டுக்கு நீயே சொல்லு" என்றார்.

ஒரு உள்ளாட்சித் தேர்தல் ராத்திரி
மேலே அணையைத் திறந்துவிட்டார்கள்.
தரைப்பாலம் தெரியவில்லை.
டிராக்டரில் எட்டுப் பெட்டிகள், நான், ஒரு காவலர்.
அவருக்கு நீச்சல் தெரியாது, எனக்கும்தான்.
அரக்கு முத்திரை நனையக் கூடாதென்று
ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டேன்.
மறுநாள் எண்ணினால் நாலாவது வார்டில்
இரண்டு பேருக்கும் நூற்றுப் பன்னிரண்டு.
சீட்டுக் குலுக்கினோம்.
எடுத்தது என் கை.
தோற்றவர் இன்றைக்கும் என்னைக் கண்டால்
சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

தயாளமூர்த்தி போனது ஒரு சுருக்கத் திருத்தத்தின் நடுவில்.
பதினாறாம் நாள் அலுவலகம் வந்தேன்.
படிவம் ஏழு.
நீக்கக் காரணம்: இறப்பு.
விண்ணப்பித்தவரே விசாரிக்கக் கூடாது என்பது விதி,
அதனால் யாகூப்பை அனுப்பினேன்.
அவர் என் வீட்டுக்கு வந்தார்,
நான் போட்ட டீயைக் குடித்தார்,
கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்காமல்
"நேரில் விசாரித்தேன், உண்மை" என்று எழுதினார்.
தெருவில் போகிற இருவரைப் பிடித்துச் சாட்சிக் கையெழுத்து.
மறுநாள் அந்தத் தாள் என் மேசைக்கே வந்தது.

அவர் 417, நான் 418.
புதுப் பட்டியல் அச்சாகி வந்தபோது
எல்லோரும் ஒரு வரி மேலேறியிருந்தார்கள்.

முப்பத்தொரு வருஷம் தபால் ஓட்டுதான்.
உறை, உறைக்குள் உறை, சான்றொப்பம்.
என் விரலில் ஒருநாளும் மை வைத்தவர் இல்லை.
மை வந்த புட்டிகளை எண்ணி
மூடி கசிந்து உள்ளங்கை கறுத்ததெல்லாம் கணக்கில் சேராது.

போன வெள்ளி சாவிகளை ஒப்படைத்தேன்.
அறைக்காப்பு ஒன்று, பீரோ மூன்று, ஜீப் ஒன்று.
இழுப்பறையைத் துடைத்த புதுப் பெண் ஜோஷ்னா
பழுத்த தாளை நீட்டினாள்.
"மேடம், இது உங்களுடையதா? இன்றைக்கே போட்டுவிடட்டுமா?
ஆன்லைனில் இரண்டு நிமிஷம்."

வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
அதற்குள் யாரோ ஒரு கிழவர்
"மா பேரு லேதம்மா" என்று வந்து நின்றார்.
பழக்கத்தில் நான்தான் எழுந்தேன்.

வரும் தேர்தலில் வரிசையில் நிற்பேன்.
முதல் அலுவலர் 417 என்று உரக்கப் படித்து
ஆண் என்பதற்கு நேரே கோடு போட்டு
என்னை நிமிர்ந்து பார்ப்பார்.
பார்க்கட்டும்.
இடது ஆள்காட்டி விரலை நீட்டியபடி
கொஞ்ச நேரம் நிற்கலாம்.